பெரிய கம்பெனியிலிருந்து வந்தால் போதுமா?

டொரான்டோ, மார்க்கம், மிசிசாகா பக்கம் நம்மவர்கள் நடத்தும் சின்ன மென்பொருள் நிறுவனங்களில் ஒரு கட்டம் தவறாமல் வருகிறது. முதல் ஐந்தாறு வாடிக்கையாளர்கள் கிடைத்திருப்பார்கள். ஒருவர் பழைய மேலாளர், இன்னொருவர் கூடப் படித்தவர், மற்றொருவர் கோயிலில் பழக்கமானவருடைய மச்சான். அதற்கு மேல் வண்டி நகராது. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "உங்க ப்ராடக்ட் நல்லாத்தான் இருக்கு. ஒரு நல்ல சேல்ஸ் ஆளைப் போடுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்."

உடனே லிங்க்ட்இனில் தேடல் தொடங்கும். உலகம் அறிந்த ஒரு நிறுவனத்தில் பதினைந்து வருடம் இருந்த ஒருவர் அகப்படுவார். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. வைஸ் பிரசிடென்ட் என்று பதவி கொடுத்து, வீட்டின் மேல் எடுத்த லைன் ஆஃப் கிரெடிட்டில் இருந்து சம்பளம் போகும். பத்து மாதம் கழித்துப் பார்த்தால் புதிதாக ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்திருப்பார். அவரும் நிறுவனர் பிடித்தவராக இருப்பார். பிறகு மனக்கசப்பு, வக்கீல் கடிதம், பிரிவு.

நான் விற்பனைக்காரன் இல்லை, மென்பொருள் எழுதுபவன். ஆனால் இந்த நாடகத்தைப் பொறியாளர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து போதுமான அளவு பார்த்திருக்கிறேன். வந்தவர் திறமை இல்லாதவர் என்று நிறுவனர் சொல்வார். ப்ராடக்ட் தயாராகவே இல்லை என்று வந்தவர் சொல்வார். பெரும்பாலும் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கும். பிரச்சினை தொடங்கியது அதற்கு முன்னால். அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், எந்த அனுபவம் என்று கேட்கவில்லை.

வாட்சன் ஏன் ஜெயித்தார்?

அனுபவமுள்ள விற்பனைத் தலைவரைக் கொண்டுவந்து ஒரு நிறுவனம் தலையெடுத்த கதைக்கு 1914இல் அமெரிக்காவில் நடந்ததை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சி.டி.ஆர். என்று ஒரு நிறுவனம். சார்லஸ் ஃப்ளின்ட் என்பவர் 1911இல் சில நிறுவனங்களை ஒட்டுப்போட்டு உருவாக்கியது. தராசு, தொழிலாளர் வந்துபோகும் நேரத்தைப் பதியும் கடிகாரம், துளையிட்ட அட்டைகளை வைத்துக் கணக்கெடுக்கும் ஹொலரித் இயந்திரம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத சரக்குகள். கடன் சுமை வேறு.

ஃப்ளின்ட் தேடிப் பிடித்தவர் 40 வயதான தாமஸ் வாட்சன். நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் சாதாரண விற்பனையாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். அந்தக் கம்பெனியின் முதலாளி ஜான் பேட்டர்சன், இன்றைய விற்பனைத் துறையின் பல பழக்கங்களைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். ஆளுக்கு ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு இலக்கு, மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய விற்பனைப் பேச்சு எல்லாம் அவர் காலத்தில் அங்கே முறையாக வந்தவை. அதே பேட்டர்சன்தான் வாட்சனை வேலையை விட்டு அனுப்பியவரும்.

வாட்சனின் பயோடேட்டாவில் ஒரு பெரிய கறையும் இருந்தது. போட்டியாளர்களை முறையற்ற வழியில் ஒழித்ததாகப் பேட்டர்சன் மேலும் அவருடைய அதிகாரிகள் மேலும் அரசு தொடுத்த வழக்கில், 1913இல் வாட்சனுக்கும் ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. அதனால் சி.டி.ஆர். இயக்குநர்கள் அவரை முதலில் பொது மேலாளராக மட்டும் எடுத்தார்கள். 1915இல் மேல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த பிறகுதான் தலைவர் பதவி. சம்பளம் ஆண்டுக்கு 25,000 டாலர், அதோடு இலாபத்தில் ஒரு பங்கு. முதல் நான்கு ஆண்டுகளில் நிறுவனத்தின் வருமானம் இரண்டு மடங்கானது. 1924இல் அந்த நிறுவனத்தின் பெயர் ஐ.பி.எம். என்று மாறியது.

நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற பெயருக்காக மட்டும் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. வாட்சன் தெருத் தெருவாக அலைந்து விற்றவர், கிளையை நடத்தியவர், ஆட்களைப் பழக்கியவர். அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு படியும் அவருக்குத் தெரியும். இன்னொன்றும் முக்கியம். அவர் கையில் கொடுக்கப்பட்ட இயந்திரம் ஏற்கெனவே வேலை செய்து காட்டிய இயந்திரம். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே ஹொலரித் இயந்திரத்தில்தான் நடந்தது. யார் வாங்குவார்கள், எதற்காக வாங்குவார்கள் என்பது ஓரளவு தெரிந்திருந்தது. வாட்சன் செய்தது அதைப் பெருக்கும் வேலை.

நம்மவர்கள் செய்வது என்ன? இன்றைக்கு ஐ.பி.எம்.மிலோ அதுபோன்ற இன்னொரு கம்பெனியிலோ இருந்தவரை எடுக்கிறோம். அந்தப் பெயரை உண்டாக்கிய ஆள் ஒருவர், அந்தப் பெயர் அச்சடித்த விசிட்டிங் கார்டை நீட்டி விற்ற ஆள் இன்னொருவர். இரண்டாமவரும் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் போன் செய்தால் எதிர்முனையில் எடுத்தார்கள். உங்கள் கம்பெனி பெயரைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். விலைப்பட்டியல், விளக்கக் காட்சி தயாரித்துக் கொடுக்கும் ஆள், ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல் எல்லாம் அங்கே இருந்தார்கள். உங்களிடம் வந்தால் பவர்பாயின்ட்டைக்கூட அவரே போட வேண்டும்.

முதலில் நிறுவனரே விற்க வேண்டும்

எப்போது எடுப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை சொன்னவர்களில் இருவர் மார்க் லெஸ்லியும் சார்லஸ் ஹாலோவேயும். லெஸ்லி வெரிடாஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை வளர்த்தவர், ஹாலோவே ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர். 2006இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் எளிமையானது. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்யச் செய்யத்தான் செலவு குறைகிறது, ஏனென்றால் கை பழகுகிறது. விற்பனையும் அப்படித்தான். புதிய சரக்கை விற்க மொத்த நிறுவனமும் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் நிறைய விற்பனையாளர்களை இறக்கினால் பணம்தான் எரியும்.

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம்தான் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு மிக உதவியானது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு ஆள் வேண்டும். ஆரம்பத்தில் வேண்டியவர், விலைப்பட்டியலே இல்லாமல் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து, அவர் எதற்குத் தலையாட்டினார், எதற்கு முகம் சுளித்தார் என்று குறித்துக்கொண்டு வந்து பொறியாளர்களிடம் சொல்லத் தெரிந்தவர். எல்லாம் தயாரான பிறகு வேண்டியவர், கொடுத்த சரக்கை கொடுத்த பகுதியில் கொடுத்த விலைக்கு விற்றுத் தள்ளுபவர். முதல் கட்டத்தில் இரண்டாமவரைப் போட்டால் அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்.

ஆகவே என் கருத்தில், உங்களை முன்பின் தெரியாத பத்துப் பேருக்காவது நிறுவனர் தன் கையால் விற்றிருக்க வேண்டும். மச்சான், மாமா, பழைய மேலாளர் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். எனக்குப் பேச வராது, நான் என்ஜினியர் என்பது சாக்கு. ஹப்ஸ்பாட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவை ஆரம்பத்திலிருந்து கட்டிய மார்க் ரோபெர்ஜ் பொறியியல் படித்தவர். அங்கே சேரும்போது விற்பனை வேலையில் முன் அனுபவமே இல்லை. பொறியாளர் சோதனை செய்வதுபோலச் செய்து, எழுதி வைத்து, திருத்தித்தான் கற்றுக்கொண்டார். ஹப்ஸ்பாட் 2014இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது.

வீட்டுக் கடனில் ஒரு கணக்கு

அவசரப்பட்டு எடுத்தால் எவ்வளவு போகும்? ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைவருக்கு அடிப்படைச் சம்பளம் 1,50,000 டாலர். அவர் வந்ததும் இரண்டு விற்பனையாளர்கள் கேட்பார், ஆளுக்கு 75,000. பயணம், கண்காட்சி, மென்பொருள் எல்லாம் சேர்த்து 50,000. ஊக்கத்தொகை ஒரு டாலர் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆண்டுக்கு 3,50,000 டாலர். உங்கள் மென்பொருளின் ஆண்டுச் சந்தா 25,000 என்றால், இந்தச் செலவை மட்டும் சரிக்கட்ட 14 புதிய வாடிக்கையாளர்கள் வேண்டும்.

இதில் காலத்தையும் சேருங்கள். ஆட்களை எடுத்துப் பழக்க மூன்று மாதம். ஒரு நிறுவனம் பேச ஆரம்பித்துக் கையெழுத்துப் போட ஆறு மாதம். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே முதல் கையெழுத்து ஒன்பதாவது மாதம்தான். அதுவரை தாங்கக் கையில் காசு இருக்கிறதா? இல்லை என்றால் ஆறாவது மாதமே நிறுவனருக்குத் தூக்கம் போய்விடும். தினமும் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்க ஆரம்பிப்பார். நல்ல விற்பனையாளரும் அந்த நெருக்கடியில் கண்டவருக்கும் தள்ளுபடி கொடுத்து, செய்ய முடியாததைச் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிடுவார். அந்த வாக்கைக் காப்பாற்ற ராத்திரி கண் விழிப்பது பொறியாளர்கள்.

நேர்காணலில் என்ன கேட்பது?

விற்பனையாளரை நேர்காணல் செய்வது கஷ்டம். நாம் எடைபோட உட்காரும் மேசையில் எதிரே இருப்பவர் இருபது வருடமாக அதே தொழில் பார்ப்பவர். தன்னையே விற்கத் தெரியாதவர் அங்கே வரை வந்திருக்க மாட்டார். ஆகவே பேச்சை விட்டுவிட்டு எண்களையும் விவரங்களையும் கேளுங்கள்.

கடைசி மூன்று வருடங்களில் இலக்கு எவ்வளவு, எட்டியது எவ்வளவு? அது உங்கள் இலக்கா, டீமின் இலக்கா? டீமில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள்? எட்டுப் பேர் டீமில் ஒரே ஒருவர் பெரிய மீனைப் பிடித்து மொத்த இலக்கும் நிறைந்திருந்தால், அங்கே தலைவர் செய்தது குறைவு. வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள், விளம்பரத்தைப் பார்த்து அவர்களாகவே வந்தார்களா, நீங்கள் கதவைத் தட்டினீர்களா? நீங்கள் வேலைக்கு எடுத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

தோற்ற ஒரு டீலைப் பற்றி விரிவாகச் சொல்லச் சொல்லுங்கள். விலை அதிகம் என்று போய்விட்டார்கள் என ஒரே வரியில் முடித்தால் கவனம். யார் எதிர்த்தார்கள், எந்த வாரம் அது கை நழுவியது, அதற்குப் பிறகு டீமில் என்ன மாற்றினார் என்று சொன்னால், அவர் உண்மையிலேயே அங்கே இருந்தார் என்று அர்த்தம்.

பிறகு ஒரு வாரம் நேரம் கொடுத்து, உங்கள் மென்பொருளை உங்களுக்கே விற்கச் சொல்லுங்கள். அவர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்பதை விட எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் ஒரு திருத்தம் சொல்லி, மறுபடி செய்யச் சொன்னால் மாற்றிக்கொள்கிறாரா என்றும் பாருங்கள். ரோபெர்ஜ் ஹப்ஸ்பாட்டில் நேர்காணலின்போது மதிப்பெண் போட்டு வைத்து, பின்னால் உண்மையில் யார் விற்றார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பலன் கொடுத்ததாக அவர் சொன்ன ஐந்து குணங்கள்: சொன்னால் கேட்டுத் திருத்திக்கொள்வது, தெரிந்துகொள்ளும் ஆர்வம், முன்பு சாதித்த வரலாறு, அறிவு, உழைப்பு. வாய்ச் சாமர்த்தியம் அந்த ஐந்தில் இல்லை.

சான்றுரை கேட்கும்போது அவருக்கு மேலே இருந்தவரோடு நிறுத்தாதீர்கள். அவருடைய அனுமதியோடு, அவருக்குக் கீழே வேலை செய்த இரண்டு பேரிடமும் வாங்கிய வாடிக்கையாளர் ஒருவரிடமும் பேசுங்கள். "மறுபடி இவர்கூட வேலை செய்வீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் வருகிறதா என்று கவனியுங்கள்.

அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்பதும் ஒரு சோதனைதான். போன வருடம் எத்தனை வாடிக்கையாளர் விலகினார்கள், கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்றெல்லாம் கேட்பவர் நல்ல ஆள். எதையும் கேட்காமல் பதவியின் பெயரை மட்டும் கேட்பவர் பதவிக்காகத்தான் வருகிறார். "பழைய கம்பெனியின் கஸ்டமர் லிஸ்ட் என்கிட்ட இருக்கு" என்று கண்ணடிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு உங்கள் லிஸ்டும் அப்படித்தான் போகும்.

பேசியதை எழுதுங்கள்

வட அமெரிக்க மென்பொருள் துறையில் விற்பனையாளரின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி நிலையான சம்பளமாகவும் பாதி இலக்கை எட்டினால் வரும் ஊக்கத்தொகையாகவும் இருப்பது வழக்கம். தலைவர்களுக்கு நிலையான பங்கு சற்றுக் கூடலாம். நமக்கு இது புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மூன்று வருடக் கணக்கில் மேலாள் ஒருவரை அனுப்பிவைத்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே குடும்பத்துக்குப் போகும், தவணை முடிந்து கணக்கு முடிக்கும்போது இலாபத்தில் பங்கு கிடைக்கும். மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பையனாகப் போனவர் தொழில் பழகி மேலாளாக உயர வழி இருந்தது. கடல் தாண்டி இருக்கும் ஆளை நம்பி முதலை ஒப்படைக்க என்ன வேண்டும் என்று அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு நம்ம முதலாளிகளிடம் நான் பார்க்கும் வியாதி ஒன்று உண்டு. விற்பனையாளர் ஒரு வருடம் பிரமாதமாக விற்று, முதலாளியை விட அதிகமாக வீட்டுக்கு எடுத்துப் போனால் இவருக்கு வயிறு எரியும். அடுத்த வருடம் இலக்கை ஏற்றி, சதவீதத்தைக் குறைப்பார். அந்த ஆள் மூன்று மாதத்தில் போய்விடுவார். ஊக்கத்தொகை கையெழுத்தின்போதா, பணம் வந்த பிறகா, வாடிக்கையாளர் பாதியில் விலகினால் என்ன, ஆள் வேலையை விட்டுப் போனால் நிலுவை என்ன என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுவது இருவருக்கும் நல்லது.

கனடாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இல் வினிபெக்கில் ஒரு அச்சக நிறுவனம், போட்டி நிறுவனத்தில் 25 வருடம் விற்பனை செய்துகொண்டிருந்த ஜாக் வாலஸ் என்பவரை அழைத்தது. அவருக்கு 45 வயது. வேலை நிலைக்குமா என்று கேட்டார். ஒழுங்காக விற்றால் ஓய்வு பெறும்வரை இருக்கலாம் என்றார்கள். வந்தார், 14 வருடமும் முதலிடத்தில் விற்றார். 1986 ஆகஸ்டில் காரணம் சொல்லாமல் நீக்கினார்கள். பிறகு, வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று குற்றம் சாட்டி, வழக்கு விசாரணை தொடங்கும்வரை அதையே சொன்னார்கள். 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அவருக்கு 24 மாத அறிவிப்புக் காலத்துக்கான தொகையை உறுதி செய்தது. அறிவிப்புக் காலத்தைக் கணக்கிடும்போது, நிலையான வேலையை விட்டு வரச் சொல்லி ஆசைகாட்டி அழைத்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நீக்கும் விதத்தில் காட்டிய கொடுமைக்கான நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறையை நீதிமன்றம் 2008இல் வேறொரு வழக்கில் மாற்றியது. ஆனால் ஆசைகாட்டி அழைத்தால் பொறுப்பு கூடும் என்ற பகுதி நிற்கிறது. காபிக் கடையில் உற்சாகத்தில் கொடுக்கும் வாக்குக்கும் விலை உண்டு.

ஒன்டாரியோவில் 2021 அக்டோபர் 25க்குப் பிறகு, வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையைப் பொதுவாகப் போட முடியாது. நிறுவனத்தின் தலைமை அதிகாரிகளுக்கு விதிவிலக்கு உண்டு. நீங்கள் எடுப்பவர் அதில் வருவாரா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருடைய அனுபவம்?

கடைசியாக, நமக்குள்ளே பேச வேண்டிய விஷயம். 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொது விளம்பரத்தில் 'கனேடிய அனுபவம்' கேட்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தைகளால் எத்தனை பேர் எத்தனை வருடங்களை இழந்தார்கள் என்பது இதைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் நம்மவர் நடத்தும் நிறுவனத்தில் விற்பனைக்கு ஆள் எடுக்கும்போது அதே கேள்வி வேறு வார்த்தையில் வருகிறது. "நம்ம ஆளா? வெள்ளைக்காரன்கிட்ட பேசுவானா?"

மதுரையிலிருந்து ஐந்து மாவட்ட மருந்துப் பிரதிநிதிகளை நடத்தியவர், கொழும்பில் இருந்து ஐரோப்பிய ஆடை நிறுவனங்களோடு விலை பேசியவர் என்று இப்படிப்பட்டவர்களை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். பலர் இங்கே கிடங்குகளில் பெட்டி தூக்குகிறார்கள். பெயரில்லாத கம்பெனிக்காகக் கதவைத் தட்டி, துரத்தப்பட்டு, மறுபடி தட்டிய அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. சின்ன நிறுவனத்துக்குத் தேவைப்படுவதும் அதுதான். அவர்கள் எல்லோரும் பொருந்துவார்கள் என்று சொல்லவில்லை. மேலே சொன்ன அதே கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டிலும் இதே கதைதான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை விற்பனை வேலைக்குப் போனால், "படிச்சிட்டு சேல்ஸ்லயா இருக்கான்?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். அந்த மனசோடுதான் நாம் கம்பெனியும் நடத்துகிறோம். விற்பனைத் தலைவரை வெளியாளாகவே வைத்திருக்கிறோம். மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவரிடம் சொல்வதில்லை, அவர் அதை வாடிக்கையாளர் வாயால் தெரிந்துகொள்கிறார். எப்பேர்ப்பட்ட அனுபவசாலியும் அப்படி வேலை செய்ய முடியாது.

இந்த வருடம் விற்பனைத் தலைவரைத் தேட நினைப்பவர்கள் விளம்பரம் எழுதுவதற்கு முன் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். தெரியாத பத்துப் பேரிடம் விற்கப் போனபோது யார் வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை, ஏன் வாங்கவில்லை. எழுத முடிந்தால் அதை வருபவர் கையில் கொடுங்கள், அவருக்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை. எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். வீட்டுக் கடன் வங்கியிலேயே இருக்கட்டும்.